வெளிநாட்டுல பிரச்சனைன்னா போர்க்கப்பல் எப்டி போகுது, யார் அனுப்புறாங்க?

ஆபரேஷன் ராஹத், ஆபரேஷன் தோஸ்த், ஆபரேஷன் காவேரின்னு வருஷத்துக்கு ஒரு பேராவது நியூஸ்ல வந்துடும். எங்கயோ சண்டை, இல்லன்னா நிலநடுக்கம், உடனே விமானப்படை பிளேன் கெளம்புது, கடற்படை கப்பல் திரும்புது, ரெண்டு மூணு நாள்ல கையில கொடியோட ஜனங்க ஏர்போர்ட்ல இறங்குற போட்டோ வந்துடுது. டிவில "ராணுவம் மீட்டது"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. அந்த வரி பொய் இல்ல, ஆனா பாதிதான். இந்த மாதிரி வேலையில ராணுவம் உதவிக்கு வர்ற கை. எங்க போகணும், எப்ப போகணும், யார ஏத்தணும், யார்கிட்ட பர்மிஷன் வாங்கணும்னு முடிவு பண்றது அரசாங்கம், அதுலயும் முக்கியமா வெளியுறவுத்துறை. ஊர்த் திருவிழாவுக்கு ஒருத்தர் தன் ஜெனரேட்டர கொடுத்து உதவுறாருன்னா அத எங்க வைக்கணும், எப்ப ஆன் பண்ணணும்னு விழாக் கமிட்டிதான சொல்லும், இங்கயும் அதே கதைதான்.

இதுல மூணு விதமான வேலை இருக்கு, நியூஸ்ல எல்லாத்தையும் ஒண்ணா கலந்து சொல்றதாலதான் குழப்பம். முதல்ல, வெளிநாட்டுல மாட்டிக்கிட்ட நம்ம ஆளுங்கள கூட்டிட்டு வர்றது, ஏமன், சூடான் எல்லாம் இந்த ரகம். அடுத்தது வேற நாட்டு ஜனங்களுக்கே நிவாரணம் கொண்டு போறது, துருக்கி நிலநடுக்கம், மியான்மர் நிலநடுக்கம் மாதிரி. மூணாவது அவ்வளவா பேசப்படாது, அது தூதரக வேலைக்கே துணை நிக்கிறது. தூதரகத்த காலி பண்ணி தூதரையும் ஊழியர்களையும் பத்திரமா கொண்டு வர்றது, சாதாரண பிளேன் போகாத இடத்துக்கு மந்திரிய கூட்டிட்டு போறது இதெல்லாம். 2021 ஆகஸ்ட்ல காபூல் தாலிபான் கைக்குப் போனப்ப நம்ம தூதரும் ஊழியர்களும் காவலுக்கு இருந்த ஐடிபிபிங்கற எல்லைக் காவல் படை வீரர்களும் விமானப்படையோட சி-17 பிளேன்லதான் வந்தாங்க. ஐடிபிபியோட மூணு மோப்ப நாயும் கூடவே வந்துச்சு, அதுங்களும் தூதரக டியூட்டில இருந்த ஸ்டாஃப்தான!

சரி, சண்டை போடுறதுக்குன்னு வச்சிருக்கற படைய ஏன் இதுக்கு அனுப்பணும், ஏர் இந்தியாவ அனுப்புனா ஆகாதா? பல நேரம் ஆகும், அதுதான் விஷயமே. 1990ல சதாம் உசேன் குவைத்த பிடிச்சப்ப 1,70,000 பேருக்கு மேல ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியா கூட்டிட்டு வந்தோம், அதுல பெரும்பாலான வேலைய செஞ்சது ஏர் இந்தியாவோட சாதாரண பயணிகள் விமானங்கதான், 488 டிரிப். 2022ல உக்ரைன் போர் நேரத்துல ஆபரேஷன் கங்காவுல அரசு ஏற்பாடு பண்ண 90 விமானத்துல 76 சாதாரண கம்பெனி விமானங்க, 14தான் விமானப்படையோடது. போலந்து, ருமேனியா, ஹங்கேரின்னு பக்கத்து நாட்டு ஏர்போர்ட்டுங்க எல்லாம் நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு, அப்புறம் எதுக்கு ராணுவம்? சாதாரண வண்டி போக முடியாத இடம், இல்ல அது வந்து சேர்றதுக்குள்ள காரியம் கெட்டுடும்ங்கற நெலம, அப்பதான் ராணுவத்துக்கு வேலை வருது.

ராணுவத்துகிட்ட என்ன ஸ்பெஷல்னா மொதல்ல அது எப்பவும் ரெடியா இருக்கும், ராத்திரி 2 மணிக்கு ஆர்டர் வந்தா விடியறதுக்குள்ள பிளேன் மேல ஏறிடும். அடுத்தது போற எடத்துல யார் கையையும் எதிர்பார்க்காது. சோறு, தண்ணி, கரண்ட், டாக்டர், ரேடியோ எல்லாத்தையும் தானே கொண்டு போயிடும். நிலநடுக்கம் வந்த ஊர்ல ஓட்டலே இருக்காது, அங்க நூறு பேர் உதவிக்குன்னு போய் இறங்கி சாப்பாட்டுக்கு அவங்ககிட்டயே நின்னா அது உதவியா உபத்திரவமா? சி-17 பிளேன் 70 டன்னுக்கு மேல சுமக்கும், லாரியையே உள்ள ஓட்டி ஏத்தலாம். சி-130ஜே அளவுல சின்னது, ஆனா குட்டி ரன்வேயிலயும் மண் ரன்வேயிலயும் இறங்கிடும். கப்பல் பக்கம் ஐஎன்எஸ் ஜலஷ்வான்னு ஒண்ணு இருக்கு, அமெரிக்காகிட்ட இருந்து 2007ல வாங்குனது, 1000 பேர் வரைக்கும் ஏத்தலாம், ஆஸ்பத்திரியும் உள்ளயே இருக்கு. 2004 சுனாமி நேரத்துல இந்த மாதிரி பெரிய கப்பல் கையில இல்லையேன்னு பட்ட அவஸ்தைதான் இத வாங்குனதுக்கு ஒரு காரணம்னு சொல்லுவாங்க.

இப்ப சூடான் கதைய கொஞ்சம் கிட்ட போய் பாக்கலாம், யார் என்ன வேலை பாக்குறாங்கன்னு இதுல நல்லா தெரியும்.

2023 ஏப்ரல் 15ம் தேதி கார்த்தூம் நகரத்துல ராணுவத்துக்கும் ஆர்எஸ்எஃப்ங்கற துணைப்படைக்கும் சண்டை ஆரம்பிச்சுது. ஏர்போர்ட்லயே சண்டை, அதனால பிளேன் கிடையாது. ஆயிரக்கணக்கான நம்ம ஆளுங்க வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாங்க, தண்ணி இல்ல, கரண்ட் இல்ல. தூதரகமே சண்டை நடக்குற ஏரியாவுலதான் இருந்துச்சு. இந்த நேரத்துல கப்பல அனுப்பி என்ன பண்றது, கார்த்தூம்ல கடலே கிடையாதே. கடல் இருக்குறது போர்ட் சூடான்ல, நடுவுல 800 கிலோமீட்டருக்கு மேல பாலைவன ரோடு, வழி முழுக்க ரெண்டு கோஷ்டியோட செக்போஸ்ட். ஆக முதல் வேலை ராணுவத்தோடது இல்ல. யார் எந்தத் தெருவுல இருக்காங்கன்னு தூதரகம் லிஸ்ட் எடுக்கணும், பஸ் பிடிக்கணும், பஸ்ஸுக்கு டீசல் தேடணும், சண்டை போடுற ரெண்டு பக்கத்துக்கிட்டயும் பேசி வழி விடச் சொல்லணும், பாஸ்போர்ட் தொலைச்சவங்களுக்கு எமர்ஜென்சி சர்டிபிகேட் அடிச்சுத் தரணும். இன்னொரு பக்கம் டெல்லியில வெளியுறவுத்துறை சவுதி, எமிரேட்ஸ், எகிப்துன்னு போன் மேல போன் போட்டுட்டு இருந்துச்சு, ஏன்னா செங்கடலுக்கு அந்தப் பக்கம் ஜெட்டாவுல ஆளுங்கள இறக்க சவுதி சம்மதிக்கணும், அதுவும் விசா இல்லாதவங்கள.

அந்த சம்மதம் எல்லாம் ஒரு வழிக்கு வந்த பிறகுதான் 24ம் தேதி ஆபரேஷன் காவேரின்னு அறிவிச்சாங்க. ஐஎன்எஸ் சுமேதா, தேக், தர்காஷ் மூணு கப்பலும் போர்ட் சூடானுக்கும் ஜெட்டாவுக்கும் மாறி மாறி ஓடுச்சு, கூடவே சி-130ஜே பிளேனும். ஜெட்டாவுல இந்தியன் ஸ்கூல் ஒண்ணு இருக்கு, அங்கதான் பாய் போட்டு சாப்பாடு போட்டு ஆளுங்கள தங்க வச்சாங்க, அப்ப வெளியுறவு இணை மந்திரியா இருந்த முரளீதரன் அங்கயே இருந்து பாத்துக்கிட்டாரு. ஜெட்டாவுல இருந்து ஊருக்கு வந்தவங்கள்ல நிறைய பேர் சாதாரண பயணிகள் விமானத்துலதான் வந்தாங்க. மொத்தம் 3,862 பேர்.

இதுல ஒரு ராத்திரி மட்டும் தனி. போர்ட் சூடான் வரைக்கும் ரோட்டுல வரவே முடியாதுங்கற நெலமையில 121 பேர் இருந்தாங்க, அதுல ஒரு கர்ப்பிணியும் உண்டு. அவங்களுக்காக கார்த்தூமுக்கு வடக்க 40 கிலோமீட்டர் தள்ளி வாடி செய்ட்னாங்கற எடத்துல இருக்குற ஒரு ரன்வேக்கு ஏப்ரல் 27 ராத்திரி சி-130ஜே போச்சு. ரன்வே மோசமான நெலமையில இருந்துச்சு, லைட் கிடையாது, வழிகாட்டுற கருவி எதுவும் கிடையாது, பெட்ரோல் போடவும் வசதி இல்ல. மேல இருந்து இன்ஃப்ராரெட் கேமராவுல ரன்வேல ஏதாவது கெடக்குதா, பக்கத்துல யாராவது எதிரிங்க இருக்காங்களான்னு பாத்துட்டு, பைலட்டுங்க நைட் விஷன் கண்ணாடி மாட்டிக்கிட்டு கும்மிருட்டுல இறக்குனாங்க. எஞ்சின ஆஃப் பண்ணவே இல்ல. விமானப்படையோட கருட் கமாண்டோ 8 பேர் இறங்கி ஜனங்களையும் பெட்டிங்களையும் ஏத்துனாங்க, மறுபடி அதே இருட்டுலயே மேல ஏறுனாங்க. இத எந்த தனியார் விமானக் கம்பெனியும் பண்ணாது, இன்சூரன்ஸே தர மாட்டான். ஆனா அந்த 121 பேரையும் ரன்வே வரைக்கும் பஸ்ல கூட்டிட்டு வந்தது யாருன்னா தூதரகத்துல இருந்த டிஃபன்ஸ் அட்டாஷே. தூதரகத்துலயே போஸ்டிங்ல இருக்குற ராணுவ அதிகாரிய அப்டி சொல்லுவாங்க, யூனிபார்ம் போட்டவரு ஆனா தூதருக்குக் கீழ வேலை பாக்குறவரு, ரெண்டு பக்கத்தையும் சேர்க்குற கண்ணி அவருதான். இந்தியப் படை வெளிநாட்டுல எதையாவது பண்ணுதுன்னா அங்க பெரும்பாலும் இவரு பேர் இல்லாத ஒரு கேரக்டரா இருப்பாரு.

ஏமன்ல நடந்த ஆபரேஷன் ராஹத்தும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். 2015 மார்ச் கடைசில சவுதி குண்டு போட ஆரம்பிச்சுது. சனா ஏர்போர்ட்டுக்கு ஏர் இந்தியா போகணும்னா குண்டு போடுறவங்களே தினமும் கொஞ்ச நேரம் நிறுத்தி வழி விடணும், அந்த சில மணி நேரத்த வாங்கிக் கொடுத்தது டிப்ளமசி. ஏடன் துறைமுகத்துக்கு முதல்ல போனது ஐஎன்எஸ் சுமித்ரா, 2014 செப்டம்பர்ல சென்னையில வச்சு கடற்படையில சேர்ந்த கப்பல் அது. அப்ப அது ஏடன் வளைகுடாவுல கடற்கொள்ளைக்காரங்களுக்கு எதிரா ரோந்து சுத்திக்கிட்டு இருந்துச்சு, அப்டியே திருப்பி விட்டாங்க, மார்ச் 31ம் தேதி 349 பேர ஏத்திக்கிட்டு எதிர்ப்பக்கம் ஆப்பிரிக்கக் கரையில இருக்குற ஜிபூட்டிக்குப் போச்சு. கப்பல் பக்கத்துலயே இருந்ததுதான் அதிர்ஷ்டம், ஆனா அது சும்மா அமைஞ்ச அதிர்ஷ்டமும் இல்ல, 2008ல இருந்து அந்தப் பக்கம் நம்ம கப்பல் ஒண்ணு ரோந்துல இருந்துக்கிட்டே இருக்கு. கடைசில 4,640 இந்தியர், கூடவே 41 நாட்டச் சேர்ந்த 960 வெளிநாட்டுக்காரங்கன்னு கணக்கு முடிஞ்சுது. இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் ஒண்ணு, முகல்லாங்கற ஊர்ல மாட்டுன 11 இந்தியர பாகிஸ்தான் கடற்படை ஏத்திட்டுப் போயி, கராச்சில இருந்து தனி விமானத்துல டெல்லிக்கு அனுப்பி வச்சாங்க. நம்ம கப்பலும் பாகிஸ்தான்காரங்கள ஏத்துச்சு. எல்லைல எப்டி இருந்தாலும் கப்பல் ஏத்துறப்ப பாஸ்போர்ட் கலர் பாக்கறதில்ல.

அடுத்தது நிவாரணம். இங்க ஒரு ரூல் ரொம்ப முக்கியம், வீட்டுக்காரன் கூப்பிடாம உள்ள போகக் கூடாது. வேற நாட்டுல பூகம்பம் வந்துச்சுன்னா அந்த நாடு "வாங்க"ன்னு சொன்னாதான் நம்ம ராணுவம் போக முடியும், எவ்வளவு நல்ல மனசோட போனாலும் சரி. 2008 மே மாசம் மியான்மர்ல நர்கிஸ் புயல் அடிச்சுது, செத்தவங்களும் காணாமப் போனவங்களும் சேர்த்து 1,30,000 பேருக்கு மேல. அமெரிக்க கடற்படையோட எசெக்ஸ் கப்பல் கூட்டம் ஹெலிகாப்டர், தண்ணி சுத்தம் பண்ற மெஷின் எல்லாத்தோடயும் கடல்ல வாரக்கணக்கா காத்துக்கிட்டு இருந்துச்சு. அங்க இருந்த ராணுவ ஆட்சி உள்ள விடவே இல்ல, படையெடுப்புக்கு வந்துடுவாங்களோன்னு பயம். கடைசில அமெரிக்காக்காரங்க ஜூன் மொத வாரம் திரும்பிப் போயிட்டாங்க. அதே நேரத்துல ஐஎன்எஸ் ரானாவும் கிர்பானும் யாங்கோனுக்கே போயி சாமான இறக்குச்சு. நம்ம கப்பல் அமெரிக்கா கப்பல விட பெருசும் இல்ல, வசதியும் இல்ல. அந்த ஆட்சியோட நம்ம ஊர் பேசிக்கிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். அப்டி ஒரு ஆட்சியோட பேசலாமாங்கறது வேற சண்டை, அதுவும் நியாயமான சண்டைதான்.

சம்மதம் இல்லாம போனா என்ன ஆகும்ங்கறதுக்கு நம்ம பக்கத்துலயே ஒரு கேஸ் இருக்கு. 1987 மே மாசம் இலங்கை ராணுவம் வடமராட்சியில பெரிய தாக்குதல் நடத்துச்சு, யாழ்ப்பாணத்துல ஜனங்க சாப்பாட்டுக்கே தவிச்சாங்க. ஜூன் 3ம் தேதி ராமேஸ்வரத்துல இருந்து படகுங்கள்ல நிவாரணப் பொருள் கெளம்புச்சு, இலங்கைக் கடற்படை நடுக்கடல்லயே திருப்பி அனுப்பிடுச்சு. மறுநாளே பெங்களூர்ல இருந்து விமானப்படையோட அஞ்சு ஏஎன்-32 சரக்கு பிளேன் கெளம்பி யாழ்ப்பாணத்து மேல பாராசூட்ல அரிசி, பருப்பு, மருந்துன்னு போட்டுச்சு, காவலுக்கு மிராஜ் 2000 போர் விமானங்க கூடவே பறந்துச்சு. ஆபரேஷன் பூமாலைன்னு பேரு. டெல்லியில இலங்கைத் தூதர கூப்பிட்டு, பிளேன் போகப் போகுது தடுத்தா பதிலடி இருக்கும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. யாழ்ப்பாணத்துல கீழ நின்னு பாத்த ஜனங்களுக்கு அது ஒரு நம்பிக்கை, அத யாரும் குறைச்சுச் சொல்ல முடியாது. ஆனா கொழும்புக்கு அது நேரடி மிரட்டல், எங்க வான்வெளிய மீறிட்டாங்கன்னு உலகம் பூரா முறையிட்டாங்க. ரெண்டு மாசம் கூட ஆகல, ஜூலை 29ல இந்திய இலங்கை ஒப்பந்தம், அதுக்குப் பின்னால அமைதிப் படை, அதுக்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். மூட்டையில இருந்தது அரிசிதான், ஆனா மிராஜ் காவலோட போனதும் அது நிவாரணம்ங்கற கணக்குல இருந்து வேற கணக்குக்கு மாறிடுச்சு.

அதனாலதான் இதுக்குன்னு ஐ.நா. பக்கத்துல ஒரு வழிமுறை வச்சிருக்காங்க, ஆஸ்லோ வழிகாட்டுதல்னு சொல்லுவாங்க, 1994ல வந்து அப்புறம் 2006-07ல திருத்துனது. சட்டம் இல்ல, யாரையும் கட்டாயப்படுத்தாது, ஆனா பெரும்பாலும் இதத்தான் அளவுகோலா வச்சுப் பேசுறாங்க. சாதாரண வழியில முடியாதப்ப மட்டும்தான் ராணுவத்த கூப்பிடணும், கூப்பிட்டாலும் வேலைய நடத்துறது சிவில் ஆளுங்களா இருக்கணும், உதவி வாங்குற நாட்டுகிட்ட காசு கேக்கக் கூடாது, பேரிடர் வேலைக்குப் போற வீரருங்க ஆயுதம் இல்லாம போகணும், அவங்க பாதுகாப்ப அந்த நாடே பாத்துக்கணும். ஏன் இவ்வளவு கறார்னா, யூனிபார்ம் போட்டவன் அரிசி மூட்டை தூக்க ஆரம்பிச்சா அரிசி மூட்டை தூக்குற எல்லாரையும் யூனிபார்ம்காரனாவே பாக்க ஆரம்பிச்சிடுவாங்க. ஆப்கானிஸ்தான்ல அதுதான் நடந்துச்சு. அமெரிக்காவும் கூட்டாளிங்களும் ராணுவத்தையும் நிவாரணத்தையும் ஒரே டீம்ல போட்டாங்க, தகவல் சொன்னா உதவி தொடரும்ங்கற மாதிரி நோட்டீஸ் கூட வினியோகம் பண்ணாங்க. 2004 ஜூன்ல எம்எஸ்எஃப்ங்கற டாக்டருங்க அமைப்போட ஊழியர் அஞ்சு பேர அங்க சுட்டுக் கொன்னாங்க. 24 வருஷம் அங்க வேலை பாத்த அமைப்பு மூட்டையக் கட்டிட்டு வெளிய வந்துடுச்சு, இந்த கலப்படத்தையும் ஒரு காரணமா சொல்லிட்டுதான் வந்தாங்க.

எல்லாம் சரி, இதுல நாட்டுக்கு என்ன லாபம், சும்மாவா பண்றாங்கன்னு கேட்டா, சும்மா இல்லதான், அத மறைக்கவும் வேண்டியதில்ல. 2014 டிசம்பர் 4ம் தேதி மாலத்தீவு தலைநகர் மாலேல கடல்தண்ணிய குடிதண்ணியா மாத்துற பிளான்ட்ல தீப்பிடிச்சு ஊருக்கே குடிக்கத் தண்ணி இல்லாம போச்சு. மறுநாளே நம்ம அரக்கோணம் வழியா விமானப்படை பிளேன்ல தண்ணி பாட்டில் போச்சு, ஐஎன்எஸ் சுகன்யாங்கற கப்பல் போயி தன்கிட்ட இருக்குற மெஷின்ல கடல்தண்ணிய சுத்தம் பண்ணிக் கொடுத்துச்சு. சீனாவும் தண்ணி அனுப்புச்சு. யார் முதல்ல போய்ச் சேர்றாங்கங்கறது அங்க ஒரு போட்டியாவே ஆகிப் போச்சு, பக்கத்து வீட்டுல கூப்பிட்டா முதல்ல ஓடி வர்றவன் நாங்கதான்னு இந்தியா காட்டியே ஆகணும், அது வெளியுறவுக் கொள்கை. 2004 சுனாமில நாகப்பட்டினத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல செத்துக் கெடந்த நேரத்துல இந்தியா வெளிநாட்டு உதவிய வாங்கிக்கல, அதோட நிக்காம இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கப்பல் அனுப்புச்சு. அத அன்னிக்கு "வீட்ல அழுகை, ஊருக்கு உபகாரமா"ன்னு திட்டுனவங்க உண்டு, அந்தக் கோவத்துல நியாயம் இல்லாம இல்ல. ஆனா அப்ப அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவோட சேர்ந்து நிவாரணத்துக்குன்னு போட்ட கூட்டணிதான் பின்னால குவாட்னு வளர்ந்து நிக்குது.

இது புதுசும் இல்ல. 1950ல கொரியப் போருக்கு ஆள் அனுப்புங்கன்னு ஐ.நா. கேட்டப்ப நேரு சண்டைக்கு ஆள் அனுப்ப மாட்டேன்னுட்டு, 60வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ்ங்கற மருத்துவப் படைய மட்டும் அனுப்புனாரு. அதுக்கு தலைமை லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், அந்த ஏ ஆற்காட்டக் குறிக்குது. டாக்டருங்களா இருந்தாலும் பாராசூட்ல குதிக்கத் தெரிஞ்சவங்க, 1951 மார்ச்ல அமெரிக்கப் படையோட சேர்ந்து குதிச்சும் இருக்காங்க. அவருக்கு மகாவீர் சக்ரா கொடுத்தாங்க. எந்தப் பக்கமும் துப்பாக்கி தூக்காம, அதே நேரம் ஒதுங்கியும் நிக்காம இருக்க ஒரு ஆஸ்பத்திரி உதவுச்சு. அதே யூனிட்தான் 2023 பிப்ரவரில நிலநடுக்கம் வந்தப்ப ஆபரேஷன் தோஸ்த்துக்காக துருக்கிக்குப் போனது, இப்ப பேரு 60 பாரா ஃபீல்ட் ஹாஸ்பிடல், ஆக்ராவுல இருக்கு. 99 பேர், எக்ஸ்ரே, வென்டிலேட்டர், ஆபரேஷன் தியேட்டரோட இஸ்கெந்தெரூன்ங்கற ஊர்ல 30 படுக்கை ஆஸ்பத்திரிய போட்டாங்க. காஷ்மீர் விஷயத்துல துருக்கி எப்பவும் பாகிஸ்தான் பக்கம்தான் பேசும், ஆனாலும் போனாங்க. அங்க இடிபாட்டுல தோண்டுன என்டிஆர்எஃப்ங்கற பேரிடர் மீட்புப் படை ஆளுங்க ராணுவம் இல்ல, உள்துறைக்குக் கீழ வர்றவங்க, அவங்கள தூக்கிட்டுப் போனது விமானப்படை. டிவில எல்லாமே ஒரே யூனிபார்ம் மாதிரிதான் தெரியும்.

நம்ம ஊரோட நேரா சம்பந்தப்பட்டது கொரோனா நேரத்து சமுத்திர சேது. 2020 மே 5ல ஆரம்பிச்சு 55 நாள்ல நாலு கப்பல் சேர்ந்து 3,992 பேர கூட்டிட்டு வந்துச்சு. ஈரான்ல மீன்பிடி வேலைக்குப் போயி சம்பளமும் இல்லாம திரும்பவும் முடியாம கெடந்தவங்கள்ல நிறைய பேர் தமிழ்நாட்டு மீனவருங்க. ஜலஷ்வா பந்தர் அப்பாஸ் துறைமுகத்துல இருந்து 687 பேர ஏத்திக்கிட்டு ஜூலை 1ம் தேதி தூத்துக்குடிக்கு வந்துச்சு. அங்கயும் கப்பல் போறதுக்கு முன்னாடி தூதரகம் லிஸ்ட் போட்டு, தீவு தீவா கெடந்தவங்கள துறைமுகத்துக்குக் கொண்டு வந்து, காய்ச்சல் இருக்கான்னு டெஸ்ட் பண்ணி, அப்புறம்தான் ஏத்துனாங்க.

இந்த லிஸ்ட்ங்கறது சாதாரணமா தெரியும், ஆனா அதுல பேர் இல்லாதவங்களுக்கு பஸ் எந்தத் தெருவுக்கு வரும்னே தகவல் வராது. உங்க வீட்டுல யாராவது வெளிநாட்டுல வேலைக்குப் போயிருந்தா, அங்க இருக்குற இந்தியத் தூதரகத்தோட வெப்சைட்ல அவங்க பேர பதிஞ்சு வைக்கச் சொல்லுங்க. அங்கத்து நம்பர், ஊர்ல ஒருத்தர் நம்பர், தங்கியிருக்குற எடம் மூணும் வேணும். கம்பெனி மாறுனாலோ சிம் மாத்துனாலோ அதையும் போய் மாத்தணும், பழைய நம்பருக்கு அடிச்சுப் பாத்து எடுக்கலன்னா அடுத்த பேருக்குப் போயிடுவாங்க, அங்க இருக்குற அவசரத்துல அவங்கள குத்தம் சொல்லவும் முடியாது.